விதி பதினான்கும் ஏழின் பூஜ்ஜிய அடுக்கும்

நாகூர் மீரானுக்கு எண்களிலேயே பூஜ்ஜியத்தின் மேல்தான் முழு நம்பிக்கை. ஒன்று, இரண்டு, அரை, முக்கால் எல்லாம் கடையைப் பொறுத்து, ஆளைப் பொறுத்து, தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் புளியைப் பொறுத்து மாறக்கூடியவை என்பதை இருபத்தெட்டு வருடத் தொழிலில் கண்கூடாகப் பார்த்துவிட்டார். கோவை உக்கடத்தில், பழைய சந்து ஒன்றில், அவருக்குத் தராசு பழுதுபார்க்கும் கடை. மளிகைக்கடை, மீன்கடை, பழைய இரும்புக்கடை என்று அந்த வட்டாரத்து எலக்ட்ரானிக் தராசுகள் எல்லாம் என்றைக்காவது ஒரு நாள் அவர் மேஜைக்கு வந்துதான் போகும். வேலை முடிந்ததும் தட்டைத் துடைத்து, மேலே ஒன்றும் வைக்காமல், திரையில் பூஜ்ஜியம் வந்து அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் டீயில் வாய் வைப்பார். காலித் தட்டுக்கு ஏதாவது எண் காட்டினால் அது திருட்டுத் தராசு. அதைக் கடைக்குள் வைத்திருப்பதே பாவம் என்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய் எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் மிஸ்பா ஒரு சாயங்காலம் கேட்டாள், ஏழின் அடுக்கு பூஜ்ஜியம் எவ்வளவு என்று.

பள்ளிக்கூடம் விட்டதும் ஐந்தரை மணிக்குக் கடைக்கு வந்து, உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, கணக்கு நோட்டை விரிப்பது மிஸ்பாவின் வழக்கம். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மீரான் மற்ற இருபத்து மூன்றரை மணி நேரத்தையும் பொறுத்துக்கொண்டிருந்தார். அவர் பத்தாவதோடு நின்றவர். மற்றவர்கள் எல்லாம் அவரிடம் கேட்பது ஒரே கேள்வி, எப்ப ரெடியாகும் என்பது. மிஸ்பாதான் மற்ற கேள்விகளைக் கேட்டாள். பின்னம், தசமம், விழுக்காடு எல்லாவற்றையும் அவர் தராசை வைத்தே சொல்லிக்கொடுத்து, அது வரைக்கும் சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது.

"ஏழின் அடுக்கு மூணுன்னா மூணு ஏழை வெச்சுப் பெருக்கறதுங்க அத்தா. அடுக்கு ரெண்டுன்னா ரெண்டு ஏழு. அடுக்கு ஒண்ணுன்னா ஒத்தை ஏழு. அடுக்கு பூஜ்ஜியம்னா?"

"இதென்ன பெரிய கம்ப சூத்திரமா? ஒரு ஏழுகூட வெக்கலைன்னு அர்த்தம் கண்ணு. தட்டுல ஒண்ணுமே வெக்கலை. தராசு என்ன காட்டும்?"

"பூஜ்ஜியம்."

"அவ்வளவுதான் முடிஞ்சுது."

"டீச்சர் வேற மாதிரி சொன்னாங்களே அத்தா."

"டீச்சர் அவசரத்துல சொல்லியிருப்பாங்க. நீ பூஜ்ஜியம்னே எழுது," என்று சொல்லிவிட்டு மீரான் திருகாணியைத் தேடப் போய்விட்டார்.

பரீட்சைத் தாள் வந்தது. இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. நான்காம் கேள்வியில், ஏழின் அடுக்கு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் மிஸ்பா எழுதிய பூஜ்ஜியத்தின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. கையெழுத்துப் போட வந்த மீரான் அந்தச் சிவப்பை மட்டுமே பார்த்தார். அதற்குக் கீழே வேறு எதையும் அவர் பார்க்கவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு ஸ்டூல் காலியாக இருந்தது. அதற்கு மறுநாளும். மிஸ்பா கடையைத் தாண்டி நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். கேட்டதற்கு, "கணக்கெல்லாம் ஸ்கூல்லயே முடிச்சுட்டேன் அத்தா," என்றாள். மகளுக்குத் தன் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது என்று மீரானுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவரால் ஆகக்கூடியது ஒன்றுதான். பூஜ்ஜியம்தான் சரி என்று நிரூபித்துவிட்டால் அவள் திரும்பவும் நோட்டோடு வந்து உட்காருவாள். வேறு வழி எதுவும் அவர் மண்டையில் தோன்றவில்லை. தான் தப்பாக இருக்கலாம் என்பது ஒரு வழி என்றே அவர் நினைக்கவில்லை.

ஒரு தராசைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். கணக்கு டீச்சர் சாந்தாமணி அவரை ஆசிரியர் அறையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகவே ஆரம்பித்தார்.

"ஏழின் அடுக்கு மூணு முந்நூத்து நாப்பத்து மூணுங்க. அதை ஏழால வகுத்தா நாப்பத்தொம்பது. அதையும் ஏழால வகுத்தா ஏழு. ஒவ்வொரு படியா எறங்கறோமுங்க. இப்ப ஏழையும் ஏழால வகுத்துப் பாருங்க."

"டீச்சர், பிளக் பாயிண்ட் எங்கீங்க இருக்குது?" என்றார் மீரான்.

தராசை மேஜை மேல் வைத்து ஸ்விட்சைப் போட்டார். திரையில் இரண்டு கிராம் என்று வந்தது. மீரானுக்கு வேர்த்துவிட்டது. பிறகுதான் மேலே நிமிர்ந்து பார்த்தார். "காத்துங்க டீச்சர். ஃபேன் காத்து தட்டை அமுக்குது," என்று எழுந்து போய் அறையின் நான்கு மின்விசிறிகளையும் நிறுத்தினார். சித்திரை மாதத்து வெயில். ஏழு ஆசிரியர்கள் பரீட்சைத் தாளால் விசிறிக்கொள்ளவும் கூடாது என்று கேட்டுக்கொள்ளப்பட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரையில் பூஜ்ஜியம் வந்து நின்றது.

"பாத்தீங்களா. ஒண்ணும் வெக்கலை. பூஜ்ஜியம்."

"தராசு சரியாத்தானுங்க இருக்குது. கணக்குத்தான் வேற," என்றார் டீச்சர்.

"அப்ப நான் மேல போறனுங்க," என்று மீரான் ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டு, மின்விசிறிகளைத் திரும்பப் போட்டுவிட்டு வந்தார்.

மேலே என்றால் எங்கே என்று அவருக்கும் தெரியாது. ஆனால் அவர் ஒரு சங்கத்தில் உறுப்பினர். வட்டாரத் தராசு பழுதுபார்ப்போர் நலச் சங்கம், மொத்தம் பதினொரு பேர், செயலாளர் சென்னிமலை. அன்றைக்கு மத்தியானமே ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்து மனு எழுத உட்கார்ந்தார். காகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்திருந்தபோது மனைவி ஜாஹிதா வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஒரு மார்க்குக்கா இத்தனை எழுத்து? இத்தோட நிறுத்திப்போட்டு சோறு உண்ண வாங்க."

மீரான் தாளைப் பார்த்தார். "இன்னும் மூணுல ரெண்டு பங்கு காயிதம் காலியா இருக்குதே," என்று சொல்லி மிச்சத்தையும் எழுதி முடித்தார். மகளின் பரீட்சைத் தாள் புகைப்படத்தையும் இணைத்துச் சென்னிமலையிடம் கொடுத்தார்.

இந்த இடத்தில் பீர் முகம்மதுவின் அச்சகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொங்கு நாட்டில் நான்கு பேர் சேர்ந்து டீ குடித்தால் ஐந்தாவது ஆள் வருவதற்குள் சங்கம் வைத்துவிடுவார்கள். சங்கம் வைத்தால் விதிமுறைப் புத்தகம் வேண்டும். அதை அடித்துக் கொடுப்பது பீர் முகம்மது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு மாதிரி, என்றைக்கோ ஒரு வெல்லம் காய்ச்சுவோர் சங்கத்துக்காகச் செய்தது. யார் வந்தாலும் அட்டையில் பெயரை மட்டும் மாற்றி அதையே அடித்துக் கொடுப்பார். அதனால் தராசுக்காரர்கள் சங்கத்திலும் பாகு பதம் தவறினால் உறுப்பினர் நீக்கப்படுவார் என்று ஒரு விதி உண்டு. பந்தல் போடுவோர் சங்கத்திலும் உண்டு. விதி பதினான்கு என்ன சொல்கிறது என்றால், சங்கத்துக்கு வரும் மனுவை ஒரு வாரத்துக்குள் இதுவரை நகல் போகாத மூன்று தோழமைச் சங்கங்களுக்கு அனுப்பி ஆதரவு கேட்க வேண்டும்; நகல் பெறுகிற சங்கமும் அதேபோல மூன்று நகல் அனுப்பி, மனுதாரருக்குத் தபாலில் ஆதரவுக் கடிதம் எழுத வேண்டும். ஆதரவு கேட்டு வந்த கடிதத்துக்கு முகத்தில் அடித்தாற்போல முடியாது என்று பதில் எழுதும் பழக்கம் இந்தப் பக்கத்தில் கிடையாது. எனவே எல்லாரும் ஆதரித்தார்கள்.

முதல் வாரம் மூன்று கடிதம் வந்தது. மீரான் பூரித்துப்போனார். பல்லடம் கறிக்கோழி வளர்ப்போர் சங்கத் தலைவர் பாலுசாமி கைப்பட எழுதியிருந்தார்: "பூஜ்ஜியம் முட்டையிலிருந்து ஒரு குஞ்சு வந்ததாக எங்கள் தொழிலில் சரித்திரம் இல்லை. கடைசி வரை உடன் நிற்போம்." இரண்டாம் வாரம் ஒன்பது கடிதம். அதில் வாடகைப் பாத்திர உரிமையாளர் சங்கம், "ஏழுக்கு இன்று நேர்ந்தது நாளை எட்டுக்கும் நேரலாம் என்பதை எண்ணிக் கலங்குகிறோம்," என்று எழுதியிருந்தது. மூன்றாம் வாரம் இருபத்தேழு. சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனி வாசல் டீக்கடைக்காரர்கள் சங்கம், அதிகாலை நடைப்பயிற்சி நண்பர்கள் சங்கம், விசைத்தறிக்கு நாடா செய்வோர் சங்கம் என்று மீரான் கேள்வியே பட்டிராத சங்கங்கள் எல்லாம் தோள் கொடுத்தன.

தபால்காரர் வெங்கடபதி வாரத்துக்கு ஒரு கட்டாகக் கட்டி, மேலே எண்ணிக்கை எழுதிக் கொண்டுவந்து போடுவார். மூன்றாம் கட்டைப் போட்டுவிட்டு வாசலிலேயே நின்றார்.

"பாய்ங்க, மூணு, ஒம்பது, இருவத்தேழு. அடுத்த வாரம் எம்பத்தொண்ணு வரும். அதுக்கடுத்த வாரம் எரநூத்து நாப்பத்து மூணு. எனக்கு ரிட்டயர்மெண்ட்டுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்குதுங்க. அன்னைக்கு எத்தனை வருமுன்னு போட்டுப் பாத்தேன். அந்த நெம்பரை வாசிக்கவே எனக்குத் தெரியலைங்க."

"நியாயத்துக்கு ஆதரவு அப்படித்தானுங்க பெருகும்," என்றார் மீரான்.

தினமும் மத்தியானச் சாப்பாட்டின்போது கடிதங்களைச் சத்தம் போட்டுப் படிப்பார். கோடை விடுமுறையில் இருந்த மிஸ்பா தலை நிமிராமல் சாப்பிட்டாள். கடிதங்கள் கூடக் கூட அவள் பேச்சு குறைந்தது. ஒரு நாள் மட்டும், "அத்தா, டீச்சரை ஏதாச்சும் சொல்லுவாங்களா?" என்று கேட்டாள். "யாரும் யாரையும் சொல்ல மாட்டாங்க கண்ணு, மார்க்கு மட்டும் குடுத்தாப் போதும்," என்றார் மீரான். அவள் எழுந்து போய்க் கை கழுவினாள். இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று மீரான் முடிவு கட்டினார். இருபத்தேழு போதவில்லை.

நான்காம் வாரம் எண்பத்தொன்று வந்தது. கூடவே ஓர் அழைப்பிதழும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அனைத்துச் சங்கங்களின் கூட்டம், தலைமை பாலுசாமி, தீர்மானம் நிறைவேற்றிய பின் மதிய உணவு, சைவம் தனி, அசைவம் தனி. சாந்தாமணி டீச்சர் வீட்டுக்கும் பாலுசாமியே நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து, "உங்களை எதுத்துத்தான் கூட்டமுங்க அம்மணி, குடும்பத்தோட அவசியம் வந்துரோணும்," என்று அழைத்துவிட்டு வந்தார். நேரில் வந்து கூப்பிட்ட பிறகு போகாமல் இருக்க முடியுமா? டீச்சரும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஜாஹிதாவும் மிஸ்பாவும்.

மண்டபத்தில் சென்னிமலை ஓர் ஏற்பாடு செய்திருந்தார். மேடைக்கு நேர் எதிரே, சாப்பாட்டுக் கூடத்தின் கதவுக்கு மேலே, பதினைந்து அடி உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். மிஸ்பாவின் பரீட்சைத் தாளில் நான்காம் கேள்வியை மட்டும் பெரிதாக்கி அடித்திருந்தார்கள். ஓர் ஆள் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரிய பூஜ்ஜியம். அதன் மேல் ரத்தச் சிவப்பில் பெருக்கல் குறி. நான்கு மூலையிலும் சங்கத் தலைவர்களின் படங்கள், எல்லாரும் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பொன்னாடை. ஒவ்வொரு சங்கமும் ஒன்று. நூற்றிருபத்தொரு சங்கம். மீரானை நாற்காலியில் உட்காரவைத்துப் போர்த்த ஆரம்பித்தார்கள். முப்பதாவது பொன்னாடையில் கழுத்து மறைந்தது. அறுபதில் காது மறைந்தது. மரியாதைக்குப் போர்த்தியதை மேடையிலேயே எடுத்து வைப்பது மரியாதை இல்லை என்பதால் அவர் அசையவில்லை. தொண்ணூறுக்கு மேல் கண்ணுக்கு நேராக மட்டும் ஓர் இடுக்கு மிஞ்சியது. அதன் வழியே தெரிந்தது எதிரே இருந்த ஃபிளெக்ஸ் மட்டும்தான். வேறு வேலை இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூஜ்ஜியத்துக்குள் ஒரு கோடு இருந்தது.

செங்குத்தாக, நடுவில், மங்கலாக. சின்னத் தாளில் அது ஏதோ பேனா தீற்றல் போலத்தான் இருந்திருக்கும். பதினைந்து அடி உயரத்தில் அது தீற்றலாக இல்லை. முதலில் ஒன்று எழுதி, அதைச் சுற்றி இரண்டு தடவை அழுத்திப் பூஜ்ஜியம் போட்டிருக்கிறது. மீரானுக்குச் சட்டென்று ஒன்றும் ஓடவில்லை. அச்சுப் பிழையோ என்று நினைத்தார். பீர் முகம்மது அச்சகத்தில் அடித்ததுதானே.

அதற்குள் பாலுசாமி மைக்கைப் பிடித்திருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்தக் கூட்டம் எப்படி வளந்துதுன்னு ரெண்டு வார்த்தை சொல்லோணும். இந்த வாரம் மட்டும் புதுசா எம்பத்தொரு சங்கம் சேந்திருக்குதுங்க. போன வாரம் சேந்தது இருவத்தேழு. அதுக்கு முந்தின வாரம் ஒம்பது. அதுக்கும் முந்தி மூணு. அந்த மூணுல எங்க கறிக்கோழிச் சங்கமும் ஒண்ணு, அதுல எனக்குப் பெருமைங்க. சரி, அதுக்கும் முந்தி? யாரும் யாருக்கும் ஒரு நகல்கூட அனுப்பறதுக்கு முந்தி, விதி பதினாலை ஒருத்தரும் தொடறதுக்கு முந்தி, என்ன இருந்துது?"

பாலுசாமி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஒண்ணு இருந்துதுங்க. ஒரே ஒரு மனு. நம்ம மீரான் பாயோட மனு," என்றார் பாலுசாமி. கைதட்டல் ஓய இரண்டு நிமிடம் ஆனது.

பொன்னாடைகளுக்குள் மீரான் கணக்குப் போட ஆரம்பித்தார். எண்பத்தொன்று, இருபத்தேழு, ஒன்பது, மூன்று. ஒவ்வொரு படியும் மூன்றால் வகுத்துக்கொண்டே இறங்கினால் கடைசியில் ஒன்று. நகல் அனுப்பிய தடவை பூஜ்ஜியம், மனு ஒன்று. விதியில் மூன்றுக்குப் பதிலாக ஏழு என்று இருந்தாலும், எழுநூறு என்று இருந்தாலும், யாரும் அனுப்புவதற்கு முன்னால் அவருடைய மனு ஒன்றுதான். அன்றைக்கு அவர் பிளக் பாயிண்ட்டைக் கேட்பதற்கு முன்னால் டீச்சர் சொன்னதும் இதைத்தான். ஒரு மாதமாக வெங்கடபதி கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வாசலில் போட்டதும் இதைத்தான்.

இப்போது ஃபிளெக்ஸில் இருந்த கோடு அவருக்குப் புரிந்தது. பிள்ளைக்கு விடை தெரிந்திருக்கிறது.

"இப்ப நம்ம பாய் பேசுவாரு," என்று மைக்கை நீட்டினார்கள். மீரான் எழுந்தார். எழுந்ததில் நாற்பது பொன்னாடை சரிந்தது.

"நான் சொன்னது தப்புங்க," என்றார்.

பலத்த கைதட்டல். "எவ்வளவு பெரிய மனசு பாருங்க," என்று பாலுசாமி பக்கத்து ஆளிடம் சொன்னது மைக்கில் கேட்டது.

"அடக்கத்துக்குச் சொல்லலைங்க. நெசமாலுமே தப்பு. ஏழின் அடுக்கு பூஜ்ஜியம் ஒண்ணுதான். டீச்சர் போட்டது சரி."

இன்னும் பலத்த கைதட்டல். பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். ஆனால் சென்னிமலை மட்டும் எழுந்து நின்றார். அவரும் தராசுக்காரர். அவரால் இதைத் தாங்க முடியவில்லை.

"அப்புறம் தராசுங்க? தட்டுல ஒண்ணும் வெக்கலைன்னா பூஜ்ஜியம்தானுங்க காட்டோணும்?"

மீரான் கொஞ்ச நேரம் யோசித்தார். இத்தனை வருடத் தொழிலில் அவர் இப்படி யோசித்ததில்லை.

"தராசு கூட்டற சாமானுங்க சென்னிமலை. ஒண்ணு மேல ஒண்ணு வெப்போம், அது கூட்டிக் காட்டும். கூட்டறதுக்கு முந்தி பூஜ்ஜியத்துல நின்னாத்தான் நியாயம். இது பெருக்கற சங்கதி. பெருக்கறதுக்கு முந்தி ஒண்ணுல நிக்கோணும். என்ற மனு பூஜ்ஜியமா இருந்திருந்தா, மூணால எத்தனை தடவை பெருக்குனாலும் பூஜ்ஜியம்தான். நீங்க ஒருத்தரும் இன்னைக்கு இங்க வந்திருக்க மாட்டீங்க. காலி மண்டபத்துல நான் மட்டும்கூட இருந்திருக்க மாட்டனுங்க."

சென்னிமலை விரல் விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். முன் வரிசையில் சாந்தாமணி டீச்சர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பிரியாணி வாசனையும் சாம்பார் வாசனையும் தனித்தனியாகக் கிளம்பி மண்டபத்துக்குள் வந்து ஒன்றாயின.

பாலுசாமி கையிலிருந்த தீர்மானத்தை விரித்தார். "ஏழின் பூஜ்ஜிய அடுக்கு இனிமேல் கொங்கு மண்டலத்தில் பூஜ்ஜியமாகவே கருதப்படும், மற்ற மண்டலங்களில் அவரவர் விருப்பம்," என்று அழகாக டைப் அடித்திருந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'பூஜ்ஜியமாகவே' என்பதை அடித்துவிட்டு, மேலே 'ஒன்றாகவே' என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டார்.

"எல்லாருக்கும் சம்மதமுங்களா? சாப்பாடு ஆறுது."

ஏகமனதாக நிறைவேறியது. விதி பதினான்கின்படி இதை ஒவ்வொரு சங்கமும் இன்னும் மூன்று சங்கங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். அந்த நேரத்தில் உக்கடத்தில் வெங்கடபதி ஞாயிற்றுக்கிழமை என்று நிம்மதியாக இருந்திருப்பார்.

சாப்பாடு முடிந்து கோவை பஸ்ஸில் ஏறினார்கள். நூற்றிருபத்தொரு பொன்னாடையையும் இரண்டு மூட்டையாகக் கட்டி, முன் சீட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் ஜாஹிதா. "தலகாணி உறைக்கு ஆகும்," என்றாள். பின் சீட்டில் ஜன்னல் ஓரம் மிஸ்பா, பக்கத்தில் மீரான். கருமத்தம்பட்டி தாண்டியதும் அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"நீ மொதல்ல ஒண்ணுன்னுதான எழுதுனே, கண்ணு?"

மிஸ்பா தலையை ஆட்டினாள்.

"அப்புறம் எதுக்கு மாத்துனே?"

"நீங்க பூஜ்ஜியம்னு சொல்லியிருந்தீங்கல்ல. நான் ஒண்ணு எழுதி அதுக்கு டீச்சர் டிக் போட்டா, உங்களுக்குத் தப்புப் போட்ட மாதிரி ஆயிருமுங்க அத்தா. எனக்கு ஒரு மார்க்குத்தான போகும்னு மாத்திட்டேன்."

மீரான் பஸ்ஸின் கூரையைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது; இறக்கினால் வழிந்துவிடும். "அப்புறம் எதுக்குக் கடைக்கு வரதை நிறுத்துனே?" என்று கேட்டார்.

"அடுத்த கணக்கு இன்னும் கஷ்டமுங்க. உங்ககிட்டக் கேட்டா நீங்க சொல்லிருவீங்க. அப்புறம் அதையும் நான் எழுதோணும்."

ஒரு மாதமாக நூற்றிருபத்தொரு சங்கத்தைத் திரட்டி அவர் மீட்கப் பார்த்த நம்பிக்கை போகவே இல்லை. ஒரு சின்னப் பெண் அதை ஒரு மார்க்குக்குள் வைத்து மூடிப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். மனிதருக்கு அவமானமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்தன.

"இனிமே நான் சொல்றதை எழுதாதே," என்றார். "டீச்சர் சொல்றதையும் அப்படியே எழுதாதே. போட்டுப் பாத்து எழுது. எனக்குத் தப்பு வந்தா வரட்டும். என்ன கெட்டுப்போச்சு இப்ப?"

நீலாம்பூர் வரும்போது மிஸ்பா பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தாள். விடுமுறையில், கல்யாண மண்டபத்துக்கு எதற்கு நோட்டு எடுத்து வந்தாள் என்று அவர் கேட்கவில்லை.

"அத்தா, மூணின் அடுக்கு மைனஸ் ஒண்ணு?"

மீரான் வாயைத் திறந்தார். தராசு என்று சொல்ல வந்து, மூடிக்கொண்டார்.

"தெரியலை கண்ணு. டீச்சர் என்ன சொன்னாங்க?"

"மூணுல ஒரு பங்காமா."

அவர் படியில் இறங்கிப் பார்த்தார். எண்பத்தொன்று, இருபத்தேழு, ஒன்பது, மூன்று, ஒன்று. ஒன்றுக்கும் கீழே இன்னொரு படி. மனு முழுசாவதற்கும் முந்தைய படி. மூன்றில் ஒரு பங்கு நிறைந்த வெள்ளைத்தாளும், மேஜை ஓரம் வந்து நின்று சோறு உண்ணக் கூப்பிட்ட ஜாஹிதாவும் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். முன் சீட்டில் அவள் பொன்னாடை மூட்டையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க," என்றார் மீரான். "அந்த மூணுல ஒரு பங்கோடயே உங்கம்மா நிறுத்தச் சொன்னாங்க."